உங்கள் பெயருக்கு வரும் கடிதத்தை வாசிப்பது யார்?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வெளிநாட்டில் ஓர் உறவுமில்லாத வீட்டைத் தேடிக் கண்டுபிடிப்பது இன்று கஷ்டம். கனடா, லண்டன், பிரான்ஸ், சுவிஸ், நோர்வே என்று எங்கள் பெண்பிள்ளைகள் வாழ்க்கைப்பட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். கல்யாணம் பேசும்போது சாதகப் பொருத்தம் பார்க்கிறோம். மாப்பிள்ளையின் வேலை என்ன, வீடு சொந்தமா வாடகையா, விசா எப்படி என்று துருவித் துருவிக் கேட்கிறோம். ஆனால் பிள்ளை போய் இறங்கும் நாட்டில் என்ன மொழி பேசுகிறார்கள், அதை அவள் எங்கே, எப்போது படிக்கப் போகிறாள் என்று கேட்பவர்கள் மிகவும் குறைவு.

நான் கரவெட்டியைச் சேர்ந்தவள். க.பொ.த. உயர்தரம் படித்துவிட்டு ஊரில் ஒரு முன்பள்ளியில் மூன்று வருடம் கற்பித்தேன். 2003 ஆம் ஆண்டு, போர்நிறுத்தம் இருந்து ஏ-9 பாதை திறந்திருந்த நாட்களில், திருமணமாகிச் சுவீடன் நாட்டின் ஸ்ரொக்ஹோம் நகருக்குப் போனேன். புறப்படுமுன் அம்மா சொன்ன வார்த்தை இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. “மாப்பிள்ளைக்கு அந்தப் பாஷை தெரியும்தானே பிள்ளை, உனக்கென்ன கவலை?” அம்மாவில் பிழையில்லை. எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

இப்போது அம்மாவுக்கு உடல்நிலை சரியில்லாததால் சில மாதங்கள் ஊரில் வந்து நிற்கிறேன். வெளிநாடு போக இருக்கும் பிள்ளைகள் சிலர் வந்து பேசுகிறார்கள். குளிருக்கு என்ன உடுப்பு எடுப்பது, மிளகாய்த்தூள் கொண்டுபோக விடுவார்களா என்று கேட்கிறார்கள். அவற்றுக்கெல்லாம் அங்கே கடை இருக்கிறது. எந்தக் கடையிலும் வாங்க முடியாத ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

ஆளுக்கொரு இலக்கம்

எங்கள் ஊரில் கிராம அலுவலரின் பதிவில் குடும்பத் தலைவர் என்று ஒருவர் இருப்பார். பெரும்பாலும் அது அப்பா அல்லது கணவர். மற்றவர்கள் அவர் பெயருக்குக் கீழே வருவோம். சுவீடனில் அப்படி இல்லை. ஒரு வருடமோ அதற்கு மேலோ தங்க அனுமதி பெற்று வருபவர் வரித் திணைக்களத்தில் பதிய வேண்டும். அங்கே ஆளுக்கொரு தனி இலக்கம் கொடுப்பார்கள். பிறந்த வருடம், மாதம், திகதி, அதன்பின் நான்கு இலக்கங்கள். கடைசிக்கு முந்திய இலக்கம் இரட்டையாக இருந்தால் பெண், ஒற்றையாக இருந்தால் ஆண். வைத்தியரிடம் போனாலும் வங்கிக்குப் போனாலும் நூலகத்தில் புத்தகம் எடுத்தாலும் முதலில் கேட்பது அந்த இலக்கத்தைத்தான்.

கணவன் மனைவி இருவரின் வருமானத்துக்கும் தனித்தனியே வரி கணக்கிடும் முறை அங்கே 1971 இல் வந்துவிட்டது. அந்த நாட்டு அரசு மனைவியைக் கணவனின் பகுதியாகப் பார்ப்பதில்லை. அவளைத் தனி ஆளாகவே பார்க்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. வரித் திணைக்களம், காப்புறுதி அலுவலகம், வைத்தியசாலை, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் உங்கள் பெயருக்கே கடிதம் எழுதும். நான் போன புதிதில் அவை கதவில் உள்ள துவாரத்தால் வந்து தரையில் விழும். இப்போது பெரும்பாலும் கைத்தொலைபேசிக்கு வருகின்றன. எப்படி வந்தாலும், வாசிப்பது யார் என்பதுதான் கேள்வி.

என் கணவர் 1991 இல் அங்கே போனவர். ஓர் உணவகச் சமையலறையில் நாளுக்குப் பத்து மணித்தியாலம் வேலை செய்தார். அவருக்குத் தெரிந்தது சமையலறைச் சுவீடிஷ். கோப்பை, கரண்டி, கெதியாய், இன்னும் இரண்டு மீன், நாளைக்கு வா என்பது போன்ற சொற்கள். பேச்சில் கெட்டிக்காரர். ஆனால் அலுவலகக் கடிதம் வந்தால் அவரும் நாலு பேரிடம் கேட்டுத்தான் விளங்கிக்கொள்வார். “மாப்பிள்ளைக்குப் பாஷை தெரியும்தானே” என்று நாம் ஊரில் இருந்து நம்பிக்கொண்டிருப்பது பல வீடுகளில் இந்த அளவு மொழியைத்தான்.

வகுப்பு என்றால் என்ன?

சுவீடனில் புதிதாகக் குடியேறுபவர்களுக்கு இலவச மொழி வகுப்பு உண்டு. எல்லோரும் அதை எஸ்.எஃப்.ஐ. என்றே சொல்வார்கள். குடியேறியோருக்கான சுவீடிஷ் என்பது பொருள். 1965 இல் அரசு செலவில் இப்படியான வகுப்புகள் தொடங்கின. 1973 இல் ஒரு சட்டம் வந்து, குடியேறிய தொழிலாளர்கள் 240 மணித்தியாலம் வரை சம்பளத்தோடு மொழி படிக்கலாம் என்றாக்கியது. இன்று இவ்வகுப்பை நடத்துவது உள்ளூராட்சி சபையின் கடமை. எங்கள் பிரதேச சபையைப் போன்ற ஒன்றுதான் அதுவும். வாரத்துக்குச் சராசரி 15 மணித்தியாலமாவது கற்பிக்க வேண்டும் என்பது விதி. வேலை செய்பவர்களுக்கு மாலை வகுப்பும், வீட்டிலிருந்து கணினி மூலம் படிக்கும் வகுப்பும் பல இடங்களில் உண்டு.

ஏ, பி, சி, டி என்று நான்கு படிகள். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர்களுக்கு மெதுவான பாதையும், நன்றாகப் படித்தவர்களுக்கு வேகமான பாதையும் இருப்பதால் யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. பி, சி, டி படிகளின் முடிவில் நாடு முழுவதற்கும் பொதுவான பரீட்சை நடக்கும். டி முடித்தால் அன்றாட அலுவல்களைத் தனியே பார்க்கலாம். அதற்கு மேல் படித்தால் தாதி உதவியாளர், முன்பள்ளி உதவியாளர் போன்ற தொழிற்பயிற்சிகளுக்கு வழி திறக்கும். நானும் அந்த வழியால் போய்த்தான் இன்று ஒரு முன்பள்ளியில் வேலை செய்கிறேன். கரவெட்டியில் விட்ட வேலையை ஸ்ரொக்ஹோமில் தொடர எனக்கு ஐந்து வருடம் எடுத்தது.

வகுப்பில் ஈராக், சோமாலியா, தாய்லாந்து, போலந்து எனப் பல நாட்டுப் பெண்கள் இருந்தார்கள். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. ஆகவே இடைவேளையில் தேநீர் குடிக்கும்போதும் அரைகுறைச் சுவீடிஷில்தான் பேச வேண்டும். அதுவே பெரிய பயிற்சி.

இன்னுமொரு நன்மையையும் சொல்ல வேண்டும். டிசம்பர் மாதத்தில் ஸ்ரொக்ஹோமில் பகல் ஆறு மணித்தியாலந்தான். பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வருடம் முழுவதும் பன்னிரண்டு மணித்தியாலத்தை ஒட்டியே பகல் பார்த்துப் பழகிய நமக்கு அந்த இருட்டு மனதை அழுத்தும். கணவர் வேலைக்குப் போன பிறகு நான்கு சுவருக்குள் இருந்து யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தால் அழுகைதான் வரும். காலையில் எழுந்து உடுத்தி வெளிக்கிட ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை எனக்குக் கொடுத்தது வகுப்பு.

நமக்கு இலகுவானதும் கடினமானதும்

சுவீடிஷ் நமக்கு வராத மொழி அல்ல. எழுத்து 29. ஆங்கிலத்தின் 26 எழுத்தோடு, மேலே வட்டமோ புள்ளியோ போட்ட மூன்று எழுத்துகள் கடைசியில் சேரும். தமிழில் நான் வருகிறேன், நீ வருகிறாய், அவள் வருகிறாள் என்று ஆளுக்கு ஆள் வினை மாறும். சுவீடிஷில் எல்லோருக்கும் “கொம்மெர்” ஒன்றுதான். ஒரு புத்தகம் என்றால் “பூக்”, குறிப்பிட்ட அந்தப் புத்தகம் என்றால் “பூக்கென்”. சொல்லின் வாலில் ஒட்டுச் சேர்ப்பது வீடு, வீட்டை, வீட்டில் என்று பேசிப் பழகிய நமக்குப் புதிதல்ல.

உறவுமுறைச் சொற்களைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஆங்கிலத்தில் எல்லாப் பாட்டிமாருக்கும் ஒரே சொல். சுவீடிஷில் தாயின் தாய் “மூர்மூர்”, தகப்பனின் தாய் “ஃபார்மூர்”. “மூர்” என்றால் அம்மா, “ஃபார்” என்றால் அப்பா. அப்படியென்றால் அவை அம்மம்மாவும் அப்பம்மாவும்தானே! “மூர்ஃபார்” அம்மப்பா, “ஃபார்ஃபார்” அப்பப்பா. நாங்கள் யாழ்ப்பாணத்தில் சொல்வதை அவர்கள் அப்படியே சொல்கிறார்கள். தாயின் சகோதரனுக்கும் தகப்பனின் சகோதரனுக்குங்கூட வெவ்வேறு சொற்கள் வைத்திருக்கிறார்கள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவதும் நம்மைப் போலத்தான்.

கடினமானவையும் உண்டு. ஏழு என்ற சொல்லின் முதல் ஒலி நமது ஷகரமும் அல்ல, ஹகரமும் அல்ல. விளக்கை ஊதி அணைப்பது போல் வாயைக் குவித்துச் சொல்ல வேண்டும். சொற்களுக்கு இராகம் வேறு உண்டு. ஒரே எழுத்தில் எழுதிய சொல்லை ஒரு விதமாக இழுத்தால் தாரா, இன்னொரு விதமாக இழுத்தால் ஆவி. வினைச்சொல் எப்போதும் வாக்கியத்தில் இரண்டாவது இடத்தில் நிற்கும். “இன்று போகிறேன் நான் சந்தைக்கு” என்பது அவர்களின் ஒழுங்கு. “யிஃப்த்” என்ற சொல்லுக்குத் திருமணமானவர் என்றும் அர்த்தம், நஞ்சு என்றும் அர்த்தம். இதைப் படித்த அன்று வகுப்பில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தோம்.

எனக்கு எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது இலக்கணம் அல்ல, மரியாதை. நமக்கு நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி இருக்கிறது. ஆசிரியரை “ரீச்சர்” என்போம், பெயர் சொல்ல மாட்டோம். சுவீடனில் எல்லோருக்கும் “தூ” என்ற ஒரே சொல். வைத்தியருக்கும் அதுதான், மாமியாருக்கும் அதுதான். முன்பு அங்கேயும் பட்டம் பதவி சொல்லி அழைக்கும் வழக்கம் இருந்ததாம். 1967 இல் அரச மருத்துவ நிர்வாகத்தின் தலைவராகப் பொறுப்பேற்ற புரூர் ரெக்ஸெட் என்பவர் தன் ஊழியர் எல்லோரையும் “தூ” என்றே அழைக்கப் போவதாக அறிவித்தார். அக்காலத்தில் நாடு முழுவதும் பரவிய மாற்றத்துக்கு அது அடையாளமாகிவிட்டது. நமது காதுக்கு அந்தச் சொல் காறித் துப்புவது போலக் கேட்கும். ஐம்பது வயது ஆசிரியையைப் பெயர் சொல்லி “தூ” என்று கூப்பிட எனக்கு இரண்டு மாதம் நா எழவில்லை. போகப் போக விளங்கியது. அவர்கள் மரியாதையைச் சொல்லில் வைப்பதில்லை. பேசுபவரை இடைமறிக்காமல் கேட்பது, நேரத்துக்கு வருவது, வரிசையில் இலக்கச் சீட்டு எடுத்துக் காத்திருப்பது ஆகியவற்றில் வைத்திருக்கிறார்கள்.

பிள்ளை பிறந்தால் வகுப்பு நிற்க வேண்டுமா?

எங்கள் பெண்கள் பலரின் படிப்பு நின்றுபோவது இந்த இடத்தில்தான். போய் ஒரு வருடத்தில் பிள்ளை கிடைக்கும். “பிள்ளை வளரட்டும், பிறகு பார்ப்போம்” என்பார்கள். இரண்டாவது பிள்ளை வரும். பிறகு வேலைக்குப் போக வேண்டி வரும். தமிழர்களோடு சேர்ந்து துப்புரவு வேலை செய்தால் அங்கேயும் தமிழ்தான் பேச்சு. திரும்பிப் பார்த்தால் பதினைந்து வருடம் போயிருக்கும்.

ஆனால் அந்த நாட்டின் ஏற்பாடுகள் நமக்குத் தெரிந்திருந்தால் இப்படி நடக்க வேண்டியதில்லை. சுவீடன் 1974 இல் தாய்மாருக்கு மட்டும் இருந்த பிரசவக் கொடுப்பனவை மாற்றி, தாய் தகப்பன் இருவருக்கும் பொதுவான பெற்றோர் காப்புறுதியாக ஆக்கியது. இன்று ஒரு பிள்ளைக்கு 480 நாட்கள் கொடுப்பனவோடு வீட்டில் நிற்கலாம். அதில் 90 நாட்கள் தகப்பனுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. அவர் எடுக்காவிட்டால் தாய்க்கு மாற்ற முடியாது, வீணாகிவிடும். உழைத்த சம்பளமே இல்லாத தாய்க்கும் நாளுக்கு 250 குரோனர் என்ற அடிப்படைக் கொடுப்பனவு உண்டு.

எங்கள் மூத்த மகள் பிறந்து ஒரு வயதாகும்போது என் கணவர் நான்கு மாதம் விடுமுறை எடுத்தார். நான் காலையில் வகுப்புக்குப் போவேன். அவர் பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு பூங்காவுக்குப் போவார். சிநேகிதர்கள் பகிடி பண்ணினார்கள். “என்ன மச்சான், பால்போத்தலோட திரியிறாய்?” என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில், “அவள் படிச்சால் எனக்குத்தானே சுகம். இனிக் கடிதம் வாசிக்க உன்னட்டை வரத் தேவையில்லை.” அந்த நான்கு மாதத்தில்தான் நான் சி படியை முடித்தேன்.

ஒரு வயது முதல் பிள்ளைக்கு முன்பள்ளியில் இடம் கிடைக்கும். தாய் தகப்பன் வேலைக்குப் போனால் மட்டுமல்ல, படித்தாலும் அந்த உரிமை உண்டு. கட்டணம் குடும்ப வருமானத்துக்கு ஏற்றபடிதான். 2002 முதல் அதற்கு மேல் போகக்கூடாது என்று ஓர் உச்ச எல்லையும் இருக்கிறது. அதற்கு முந்திய மாதங்களில் “திறந்த முன்பள்ளி” என்று ஓர் இடம் உண்டு. தாயும் பிள்ளையும் சேர்ந்து போகலாம், பதிவு இல்லை, காசு இல்லை. பிள்ளைகள் விளையாடும்போது தாய்மார் கோப்பி குடித்துக் கதைப்பார்கள். பல் முளைப்பது, தடுப்பூசி, நித்திரை என்று எல்லாத் தாய்மாரும் பேசுவது ஒரே கதைதான். அந்தக் கதையில் கற்ற சொற்கள் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை.

கர்ப்ப காலக் கவனிப்பு இலவசம். அதை நடத்துபவர்கள் மருத்துவமாதுக்கள். ஊரில் வீடு தேடி வரும் மருத்துவமாதை அறிந்த நமக்கு அது அந்நியமாக இராது.

பிள்ளையை மொழிபெயர்ப்பாளர் ஆக்க வேண்டாம்

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இருக்கிறார். எண்பதுகளின் கடைசியில் வந்தவர். மூன்று பிள்ளைகளையும் ஆளாக்க இரவு வேலை செய்தார். வகுப்புக்குப் போக நேரமே கிடைக்கவில்லை. கடையில் நன்றி சொல்லவும் பஸ்ஸில் இடம் சொல்லவும் தெரியும், அவ்வளவுதான். ஒரு நாள் மார்பில் ஒரு கட்டி தென்பட்டது. கணவருக்கு வேலை. ஆகவே பதினாலு வயது மகனைக் கூட்டிக்கொண்டு வைத்தியரிடம் போனார். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று முன்பே கேட்டிருந்தார்கள். மகன் இருக்கிறான்தானே என்று வேண்டாம் என்றிருக்கிறார்.

தாயின் உடம்பைப் பற்றி வைத்தியர் கேட்ட கேள்விகளை அந்தப் பையன் தமிழில் கேட்க வேண்டியிருந்தது. சில சொற்களுக்கு அவனுக்குத் தமிழ் தெரியாது. தெரிந்த சொற்களை வாய்விட்டுச் சொல்ல வெட்கம். கடைசியில் இது புற்றுநோயாக இருக்கலாம் என்று வைத்தியர் சொன்னதை அம்மாவிடம் சொல்ல வேண்டிய பொறுப்பும் அவனுக்கே வந்தது. அவன் சொல்லவில்லை. “திரும்பவும் வரட்டாம்” என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அறைக் கதவைப் பூட்டிக்கொண்டான்.

அக்காவுக்குச் சிகிச்சை நடந்து சுகமாகிவிட்டது. ஆனால் அவர் என்னிடம் சொன்னது இது. “வருத்தத்தை நான் தாங்கினன் தங்கச்சி. அந்தப் பிள்ளையின்ர முகத்தைத்தான் இன்னும் மறக்கேலாமல் கிடக்கு.”

மொழி தெரியாத நாட்களில் வைத்தியசாலையிலும் அரச அலுவலகங்களிலும் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். நேரம் குறிக்கும்போதே “தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை” என்று சொல்லுங்கள். அவர்கள் கேட்டதை வெளியில் சொல்லக்கூடாது என்பது விதி. தொலைபேசி மூலமும் ஒழுங்கு செய்வார்கள். ஒருபோதும் பிள்ளையை அந்த இடத்தில் நிறுத்த வேண்டாம். கணவரே மொழிபெயர்ப்பதும் எல்லா வேளையிலும் பொருத்தமல்ல. ஒரு பெண் வைத்தியரிடம் தனியே சொல்ல வேண்டியவை சில இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

இதைச் சொல்லும்போது இன்னுமொன்றையும் சொல்லாமல் விட முடியாது. எல்லா வீடும் நல்ல வீடாக அமைவதில்லை. அடி உதை உள்ள வீட்டில் மொழி தெரியாத பெண்ணுக்கு வாயும் இல்லை, வழியும் இல்லை. “முறைப்பாடு செய்தால் உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்” என்று பயமுறுத்துவார்கள். உண்மை அப்படியல்ல. வன்முறை காரணமாக உறவு முறிந்தால் அந்தப் பெண் தொடர்ந்து தங்க அனுமதி கொடுக்கலாம் என்று சுவீடனின் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஆபத்து நேரத்தில் 112 என்ற இலக்கம், மருத்துவ ஆலோசனைக்கு 1177 என்ற இலக்கம். இந்த இரண்டையும் போன முதல் நாளே மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

வீட்டில் என்ன மொழி பேசுவது?

சுவீடிஷ் படிக்கச் சொல்கிறேனே தவிர, வீட்டில் தமிழை விடச் சொல்லவில்லை. பிள்ளை கெதியாகப் படிக்கட்டும் என்று தாய் தன் அரைகுறைச் சுவீடிஷில் பிள்ளையோடு பேசுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்குத் தாயிடமிருந்து நல்ல சுவீடிஷும் கிடைப்பதில்லை, நல்ல தமிழும் கிடைப்பதில்லை. முன்பள்ளியில் வேலை செய்பவள் என்ற முறையில் சொல்கிறேன், சுவீடிஷைப் பிள்ளைகள் எங்களிடமும் தங்கள் சிநேகிதர்களிடமும் படித்துக்கொள்வார்கள். கோபம், செல்லம், கதை, தாலாட்டு எல்லாம் தாயிடமிருந்து தாயின் மொழியில் வர வேண்டும்.

சுவீடன் பள்ளிக்கூடங்களில் 1977 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் பின் தாய்மொழியும் கற்பிக்கப்படுகிறது. ஓர் உள்ளூராட்சிப் பகுதியில் ஐந்து பிள்ளைகளாவது கேட்டு, தகுந்த ஆசிரியரும் கிடைத்தால் தமிழ் வகுப்பு ஒழுங்கு செய்ய வேண்டும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்த மொழி வீட்டில் அன்றாடம் பேசப்பட வேண்டும், பிள்ளைக்கு அதில் அடிப்படை அறிவும் இருக்க வேண்டும். வீட்டில் தமிழை விட்டால் பள்ளியில் தமிழ் படிக்கும் உரிமையும் சேர்ந்து போய்விடும். எங்கள் மகள்மார் இருவரும் அந்த வகுப்பில் படித்தார்கள். இப்போது அம்மம்மாவோடு தொலைபேசியில் பேச அவர்களுக்கு என் உதவி தேவையில்லை.

ஊரில் சர்வசாதாரணமாகப் பிள்ளைக்கு ஓர் அடி போடுவோமே, அது அங்கே கூடாது. 1979 இல் பிள்ளையை அடிப்பதைச் சட்டத்தால் தடைசெய்த முதல் நாடு சுவீடன். வீட்டுக்குள்ளும் அச்சட்டம் பொருந்தும். இதையும் யாரும் சொல்லித்தராமல் கேள்விப்பட்டு அறியும் நிலையில் இருக்கக்கூடாது.

மற்ற நாடுகளுக்குப் போகிறவர்கள்

நமது பிள்ளைகளில் சுவீடனுக்குப் போவோர் கொஞ்சப் பேர்தான். ஆனால் கதை எங்கேயும் ஒன்றுதான். ஜேர்மனியில் இருக்கும் கணவரிடம் போக, 2007 முதல் பெரும்பாலானோர் இங்கிருக்கும்போதே ஏ1 எனப்படும் ஆரம்பப் படியைச் சித்தியடைய வேண்டும். சுவிற்சர்லாந்து 2019 முதல் அந்தப் படியைக் கேட்கிறது, அல்லது மொழி வகுப்பில் பதிந்ததற்குச் சான்று கேட்கிறது. சுவீடன் இந்த வகையில் போகுமுன் எதுவும் கேட்பதில்லை. விதிகள் அடிக்கடி மாறுவதால் விண்ணப்பிக்கும்போது அந்தந்த நாட்டின் அரச இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நோர்வேக்குப் போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. நோர்வே மொழியும் சுவீடிஷும் அக்கா தங்கை மாதிரி. ஒன்றைப் படித்தவருக்கு மற்றது பெரும்பாலும் விளங்கும். அந்த நாட்டோடு நமக்கிருக்கும் உறவும் பழையது. குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956 இல் நோர்வேக்குப் போய், அங்கேயே குடியேறி, மொழி படித்து, 1967 இல் சீ-நோர் நிறுவனம் நமது குடாநாட்டில் உருவாகக் காரணமாக இருந்தார். காரைநகரில் அதன் படகுக் கட்டுமானம் பலருக்கு வேலை கொடுத்தது. போன இடத்து மக்களோடு அவர்களின் மொழியிலேயே பேசி நம்பிக்கையைப் பெற்றதால்தான் அவரால் அதைச் செய்ய முடிந்தது.

புறப்படுமுன் செய்யக்கூடியவை

பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகள், தொழிற்பயிற்சிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பித்துக் கையில் எடுத்துச் செல்லுங்கள். “இதெல்லாம் அங்கை ஆர் பாக்கப்போறாங்கள்” என்று அலுமாரியில் விட்டுவிட்டுப் போக வேண்டாம். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்களுக்கு அதைச் சுவீடனில் இலவசமாக மதிப்பிட்டுத் தரும் அரச நிறுவனம் இருக்கிறது.

விசாவுக்குக் காத்திருக்கும் மாதங்களை வீணாக்காதீர்கள். எண்கள், கிழமைகள், உடம்பின் உறுப்புகள், வீட்டுப் பொருட்கள் என்று நாளுக்கு ஐந்து சொல் படித்தால் ஆறு மாதத்தில் தொள்ளாயிரம் சொல். இணையத்தில் வானொலி கேளுங்கள். விளங்காவிட்டாலும் காது பழகும். “எட்டுப் பக்கங்கள்” என்று பொருள்படும் பெயரில் இலகு சுவீடிஷில் ஒரு செய்தித்தாள் 1984 முதல் வருகிறது. அதை இப்போது இணையத்திலும் வாசிக்கலாம்.

போய் இறங்கியதும் இலக்கம் கிடைத்த உடனேயே வகுப்புக்குப் பதியுங்கள். வீடு ஒழுங்கான பிறகு என்று தள்ளிப்போட வேண்டாம். உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்குத் திறந்து, கைத்தொலைபேசியில் அடையாளத்தை உறுதிசெய்யும் இரகசிய இலக்கத்தை உங்களிடமே வைத்திருங்கள். பிள்ளைக் கொடுப்பனவாக அரசு ஒரு பிள்ளைக்கு மாதம் 1,250 குரோனர் கொடுக்கிறது. கூட்டாகப் பிள்ளையை வளர்க்கும் தாய் தகப்பனுக்கு அது பாதி பாதியாக வரும். உங்கள் பாதி உங்கள் கணக்குக்கு வரட்டும்.

பல நூலகங்களில் மொழி பேசிப் பழகும் சந்திப்புகள் நடக்கின்றன. வயதான சுவீடிஷ் அம்மாமார் வந்து இருந்து பொறுமையாகக் கதைப்பார்கள். தனிமையில் இருக்கும் அவர்களுக்கும் நாலு வார்த்தை பேச ஆள் வேண்டும், நமக்கும் வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை மாப்பிள்ளை வீட்டாரோடு பேசும்போது, “எங்கடை பிள்ளை அங்கை வந்த உடனை மொழி வகுப்புக்குப் போவாளே?” என்று கேளுங்கள். அதற்கு அவர்கள் முகம் சுளிக்காமல் சொல்லும் பதிலில் இருந்து, பிள்ளை போகும் வீடு எப்படிப்பட்டதென்று பாதி தெரிந்துவிடும்.

சகோதரிகளே, நீங்கள் எந்த நாட்டுக்குப் போனாலும் அங்கே உங்கள் பெயருக்கு ஒரு கடிதம் வரும். அதை நீங்களே பிரித்து, நீங்களே வாசித்து, நீங்களே பதில் எழுதும் நாள் விரைவில் வர என் வாழ்த்துகள்.